விண்டோஸ் 98 எஸ்இ: கல்யாணப் பத்திரிகை அடிக்க இன்னும் உதவுதா?

உதவுது. ஆனா "அந்தக் காலத்து விண்டோஸ் மாதிரி வருமா"ன்னு யூட்யூப்ல உருகுறாங்களே, அவங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. அந்த ஸ்டார்ட்டப் மியூசிக்கைக் கேட்டு கண்ணு கலங்குறவங்க யாரும் முகூர்த்த சீசன்ல அதுல உக்காந்து மேட்டர் அடிச்சிருக்க மாட்டாங்க.

மதுரை சிம்மக்கல் பக்கம் சின்ன டிடிபி கடை என்னோடது, பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் குடுப்பேன். பென்டியம் 3, 128 எம்பி ராம், விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு (அதான் எஸ்இ), பக்கம் வடிவமைக்கற பேஜ்மேக்கர் 6.5. பக்கத்துலயே விண்டோஸ் 10 மெஷினும் இருக்கு. ஃப்ளெக்ஸ், போட்டோ வேலை எல்லாம் அதுலதான். பழசை ஏன் இன்னும் தூக்கிப் போடலைன்னா, அதோட முதுகுல பிரிண்டர் போர்ட்ல தீப்பெட்டி சைஸ்ல ஒரு டாங்கிள் தொங்குது. நான் காசு குடுத்து வாங்குன தமிழ் ஃபான்ட் பேக்கேஜ் அது இல்லாம திறக்காது. புது மெஷின்ல அந்த போர்ட்டே கிடையாது.

ஃபான்ட் கதையைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும். விண்டோஸ் 98க்குத் தமிழே தெரியாது. எந்த மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியற யூனிகோட் தமிழும் லதா ஃபான்ட்டும் விண்டோஸ் 2000லதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் வேஷம்தான்: இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை வச்சிருப்பாங்க. பாமினிங்கற ஃபான்ட்டுல ஜே, கே, பி, ஓ, அப்புறம் அரைப்புள்ளி தட்டினா "தமிழ்"னு வரும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது இங்கிலீஷ் எழுத்து நாலும் ஒரு அரைப்புள்ளியும், அவ்வளவுதான். 1999ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடத்தி அரசாங்கம் டாம், டாப்னு எல்லா ஃபான்ட்டுக்கும் பொதுவா எழுத்து வரிசைத் தரம் கொண்டு வந்துச்சு, தமிழ் 99 கீபோர்டும் வந்துச்சு. அதுக்குள்ள எங்க கை பாமினிக்குப் பழகிருச்சு. ஆளுக்கொரு ஃபான்ட்டு, ஃபான்ட்டுக்கொரு எழுத்து வரிசை. அதனால அந்த வருஷங்கள்ல போட்ட ஃபைல் அதே ஃபான்ட் இருக்கற மெஷின்ல மட்டும்தான் ஒழுங்காத் திறக்கும்.

இதுதான் எனக்குச் சோறு போடுது. போன மாசம் உசிலம்பட்டியில இருந்து ஒரு பையன் வந்தான். "அக்கா, 2005ல எங்க அண்ணனுக்கு இங்கதான் அடிச்சோம். அதே மாதிரி அடிச்சுக் குடுங்க, மாப்ள பொண்ணு பேரை மட்டும் மாத்தி விடுங்க."

"பேரை மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை தம்பி. கீழ இருக்கற சொந்தக்காரங்க லிஸ்ட்டை முதல்ல உங்க அப்பாகிட்ட காட்டி சரி பாத்துட்டு வா."

ஃபைல் அப்படியே திறந்துச்சு. மேல "அழகர் துணை", பார்டர், தாய்மாமன் வரிசை, ஒண்ணும் நகரல. பட்டர் பேப்பர்ல லேசர் பிரிண்ட் எடுத்து பிளேட்டுக்கு அனுப்பிட்டேன். அவன் அப்பா திருத்தின லிஸ்ட் வர்றதுக்குத்தான் நாலு நாள் ஆச்சு, ஒரு சித்தப்பா பேரு உள்ள வரணுமா வேண்டாமான்னு வீட்டுல சண்டையாம்.

இப்ப குறைக்கு வருவோம். பவர் போனா இது தாங்காது. திரும்ப ஆன் பண்ணினா, நீங்கதான் ஏதோ தப்புப் பண்ணின மாதிரி "சரியா ஷட்டவுன் பண்ணல"ன்னு சொல்லிட்டு டிஸ்க்கைச் சோதிக்கற ஸ்கேன்டிஸ்க் ஓட ஆரம்பிச்சிரும். அது முடிஞ்சு பாத்தா சி டிரைவ்ல ஃபைல்0000.சிஎச்கேன்னு துண்டு துண்டா கிடக்கும், அதுல ஒண்ணு யாரோட பத்திரிகையோ. 2012 மின்வெட்டுல யூபிஎஸ் பேட்டரியே செத்துப் போச்சு, அந்த நேரத்துல இந்தத் துண்டுகளைப் பொறுக்குறதே தனி உத்தியோகமா இருந்துச்சு. விண்டோஸ் 95லயும் 98 முதல் பதிப்புலயும் 49.7 நாள் விடாம ஓடினா மெஷின் உறைஞ்சு போற பிழை ஒண்ணு உண்டு. மில்லிசெகண்ட் எண்ணுற கவுன்ட்டர் 32 பிட்டுல நிரம்பிப் போறதால. மதுரைக்காரங்க யாருக்கும் அதைப் பாக்குற பாக்கியம் கிடைச்சிருக்காது.

ராம் கூட்டினா சரியாகிரும்னு நினைக்காதீங்க. திரையில படம் வரையிற வேலைக்கு ஒதுக்கின இடத்துல ஒரு பகுதி வெறும் 64 கேபி. எத்தனை ராம் போட்டாலும் அது வளராது. பேஜ்மேக்கரோட படம் வரையிற கோரல்டிராவையும் திறந்து வச்சா ஐகான் எல்லாம் கறுத்துப் போகும். உடனே சேவ் பண்ணிட்டு ரீஸ்டார்ட் போடுறதுதான் புத்தி. ஃபான்ட்டும் ஆயிரத்துக்கு மேல ஏத்தினா தகராறுதான்.

அடுத்து யூஎஸ்பி. 98ஐ விக்கும்போது அதைத்தான் பெருமையாச் சொன்னாங்க. ஆனா பென்டிரைவ் தனி டிரைவர் போடாம எடுக்காது, அந்த வசதி விண்டோஸ் மில்லேனியத்துலதான் கூடவே வந்துச்சு. 1998 ஏப்ரல்ல சிகாகோ காம்டெக்ஸ் கம்ப்யூட்டர் கண்காட்சி மேடையில, பில் கேட்ஸ் பக்கத்துல நிக்கும்போதே ஸ்கேனரைச் சொருகினதும் 98 நீலத்திரை காட்டி அப்படியே நின்னுபோன வீடியோவை இப்பவும் பாக்கலாம். நெட்வொர்க்ல இழுக்கலாம்னா, 2017க்கு அப்புறம் வந்த விண்டோஸ் 10ல அதுக்கு வேணுங்கற பழைய ஃபைல் பகிர்ற முறை எஸ்எம்பி 1 தானா இருக்காது, நாமதான் தேடிப்போய் ஆன் பண்ணணும்.

98ல இருந்த ஆக்டிவ் டெஸ்க்டாப், சேனல் பார், மை ப்ரீஃப்கேஸ் இதெல்லாம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? இருக்காது. எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு: ஷட்டவுன் மெனுவுல இருக்கற டாஸ் மோட். விண்டோஸே எந்திரிக்க மறுத்தாலும், ஆன் பண்ணும்போது எஃப்8 அமுக்கி டாஸ்ல இறங்கி வேலையை காப்பி பண்ணி எடுத்துரலாம்.

5க்கு 3 குடுப்பேன், அந்த 3ம் பழைய ஃபைல் வச்சிருக்கற கடைக்கு மட்டும். புதுசா டிடிபி ஆரம்பிக்கறவங்க யூனிகோட்லயே ஆரம்பிங்க, இந்தப் பக்கமே வராதீங்க. பழைய மெஷின் மாதிரி நடிக்கற எமுலேட்டர்ல ஓட்டலாமேன்னு கேப்பீங்க. 86பாக்ஸ்ங்கற எமுலேட்டர்ல 98 நல்லாவே ஓடுது, என் டாங்கிளைத்தான் அதுக்குள்ள கொண்டு போக வழி தெரியல. இப்ப பயமெல்லாம் ஹார்டு டிஸ்க் மேலதான், கரகரன்னு சத்தம் குடுக்குது. இதுல சேர்ற பழைய மாடல் ஐடிஇ டிஸ்க் புதுசா மதுரையில எங்க கேட்டும் கிடைக்கல. காம்பாக்ட் ஃப்ளாஷ் மெமரி கார்டை அடாப்டர்ல சொருகி டிஸ்க்குக்குப் பதிலா போடலாம்னு முடிவு பண்ணி வாங்கி வச்சாச்சு. ஆவணி முகூர்த்தம் முடியட்டும். புரட்டாசியில யாரும் கல்யாணம் வைக்க மாட்டாங்க, அப்ப கழட்டிக்கலாம்.