ஹோஸ்ட் பெயரா, ஐபி எண்ணா? வயர்ஷார்க்கில் எதைப் பார்ப்பது

நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் கணினிகளின் ஐபி முகவரிகள் எண்களாக ஓடுவதைப் பார்த்ததும் ஹோஸ்ட் பெயராகத் தெரிந்தால் தேவலையே என்று தோன்றும். வியூ மெனுவில் நேம் ரெசல்யூஷனுக்குள் ஒரு டிக் போட்டால் போதும். போடலாமா?

வேகம்
ஐபி: உடனே தெரியும்.
பெயர்: எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளும் நீங்கள் பிடிக்கும் பாக்கெட்டுகளோடு கலந்து, எது நெட்வொர்க்கின் போக்குவரத்து, எது நம் கருவியே கிளப்பியது என்று குழப்பும். (கமாண்ட் லைனில் இதே வேலை செய்யும் டிசிபிடம்ப் நாம் சொல்லாமலே பெயர் தேடும், -n போட்டு நிறுத்துங்கள்.)

நம்பகம்
ஐபி: பாக்கெட்டிலேயே இருப்பது.
பெயர்: பெரும்பாலும் பார்க்கும் நேரத்தில் தேடியது. போன வருடக் கோப்பைத் திறந்தாலும் இன்றைய பெயர் வரலாம். கூகுள் சர்வர்கள் பல 1e100.net என்றே வரும், யூடியூபா ஜிமெயிலா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வாசிக்க
பெயர்தான், சந்தேகமே இல்லை. எண்ணை மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது: டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி எண்ணைத் தானாகக் கொடுக்கும் ஏற்பாடு) உள்ள ஆபீஸில் 192.168.1.37 இன்று யாரோ ஒருவரின் லேப்டாப், அடுத்த வாரம் வேறொருவரின் போன்.

சரி, பழுது தேடவும் பதிவு வைக்கவும் ஐபி. யார் எங்கே போகிறார்கள் என்று மேலோட்டமாகப் பார்க்கப் பெயர். இரண்டும் வேண்டுமென்றால், வெளியே கேட்காமல் பிடிபட்ட டிஎன்எஸ் பாக்கெட்டுகளிலிருந்து மட்டும் பெயர் எடுக்கும்படி பிரிஃபரன்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள், என் ஓட்டு அதற்குத்தான்.