மூலக்கூறு மாதிரிப் பெட்டி: நீருக்குச் சரி, உப்புக்குச் சரிவராது

பிளாஸ்டிக் உருண்டையும் குச்சியுமாக வரும் மூலக்கூறு மாதிரிப் பெட்டியை, வேதி வாய்ப்பாட்டில் திணறும் மாணவருக்குத் தயங்காமல் வாங்கித் தரலாம். அது எங்கே தவறான படத்தைக் காட்டும் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கறுப்பு கார்பன், நான்கு துளை. நீலம் நைட்ரஜன், மூன்று. சிவப்பு ஆக்சிஜன், இரண்டு. வெள்ளை ஹைட்ரஜன், ஒன்றே ஒன்று. துளைதான் இணைதிறன், அதாவது ஓர் அணு எத்தனை பிணைப்பு கொள்ளும் என்ற எண். ஒற்றைப் பிணைப்புக்குக் குட்டைக் குச்சி. இரட்டை, முப்பிணைப்புகளுக்கு வளையும் நீளக் குச்சி.

பெட்டியின் பலம் சேர்மத்தை அடையாளம் காட்டுவதில்தான். இரண்டு சிவப்பை இரு நீளக் குச்சியால் இணைத்தால் அது மூலக்கூறு, ஆனால் சேர்மமல்ல. ஒரே நிறம், ஒரே தனிமம். ஒரு சிவப்பில் இரு வெள்ளையைச் செருகினால் நீர்: இரு தனிமங்கள் பிணைந்த சேர்மம். இந்த இரு மாதிரிகளையும் குச்சியால் இணைக்காமல் ஒரே தட்டில் போட்டால் வெறும் கலவை. வாய்ப்பாட்டின் முன்னால் நிற்கும் 2-க்கும் கீழே ஒட்டிய 2-க்கும் உள்ள குழப்பமும் இங்கே தீரும். முன்னால் இருந்தால் இரண்டு தனித்தனி மாதிரிகள். கீழே இருந்தால் ஒரே மாதிரிக்குள் அந்த அணு இரண்டு. நீரில் இன்னொரு சிவப்பைச் செருகினால் கிடைப்பது 'அதிக ஆக்சிஜன் உள்ள நீர்' அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு.

இரண்டு கறுப்பு, ஆறு வெள்ளை, ஒரு சிவப்பு, எட்டுக் குட்டைக் குச்சி எடுத்துப் பாருங்கள். சிவப்பை ஓரத்தில் வைத்தால் 78 பாகை செல்சியசில் கொதிக்கும் எத்தனால். இரு கறுப்புக்கும் நடுவில் வைத்தால் அறை வெப்பநிலையில் வாயுவான டைமெத்தில் ஈதர். வாய்ப்பாடு எண்ணிக்கையைச் சொல்லும், யாரோடு யார் கைகோத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. பெட்டியை வாங்க இந்த ஒரு பயிற்சியே போதுமான காரணம்.

இனி குறைகள். சோடியத்துக்கு ஓர் உருண்டை, குளோரினுக்கு ஒரு பச்சை, நடுவே ஒரு குச்சி என்று உப்பைச் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். உப்பில் அப்படி ஒரு மூலக்கூறே கிடையாது. ஒவ்வொரு அயனியையும் (மின்னூட்டம் பெற்ற அணுவையும்) ஆறு எதிர் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன, வாய்ப்பாடு 1:1 என்ற விகிதத்தை மட்டுமே தருகிறது. உப்பு சேர்மம்தான், மூலக்கூறு மட்டும் இல்லை. இதைக் காட்ட அயனிப் படிக மாதிரி தனியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடைச் செய்தால் கார்பனில் இரண்டு துளை காலியாக நிற்கும். ஓசோனோ முக்கோண வளையமாக வந்து தொலைக்கும். உண்மையில் அது ஏறக்குறைய 117 பாகையில் வளைந்த சங்கிலி.

வாங்கும்போது கறுப்பு உருண்டையைத் திருப்பிப் பார்க்கவும். நான்கு துளையும் கூட்டல் குறிபோல ஒரே தளத்தில் இருந்தால் வேண்டாம். 1865-ல் லண்டனில் வேதியியலாளர் ஹாஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளால் செய்து காட்டிய மீத்தேன் அப்படித்தான் தட்டையாக இருந்தது, துளைகளுக்கிடையே 109.5 பாகை வேண்டும். குச்சியை நேராக இழுக்காமல் முறுக்கிக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் துளை தளர்ந்துவிடும். முதலில் தீர்ந்துபோவது வெள்ளைதான்: ஒரு குளுக்கோசுக்கே பன்னிரண்டு போய்விடும்.