வாத்துக் குஞ்சை ஒப்படைத்த இடம்: ஐந்துக்கு நாலு

மே மாதக் கடைசியில் எங்கள் தெருமுனையில் ஒரு கனடா வாத்து காரில் அடிபட்டுக் கிடந்தது. பக்கத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரேயொரு குஞ்சு. மற்றக் குஞ்சுகளையும் தகப்பனையும் ஒரு மணி நேரம் தேடியும் காணவில்லை. ஒன்பது வயது மகன் அதைத் தொப்பிக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். டொரன்டோவின் ஸ்காபரோவில் இதையெல்லாம் எங்கே கொடுப்பது என்று அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து நாள் வைத்திருந்தோம். அம்மாவுக்கு அது கடைசிவரை 'தாராக் குஞ்சு'தான். பாண் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

ஐந்தாம் நாள் அது மகனுக்குப் பின்னால் படியேறப் பார்த்து விழுந்தது. அவன் குளியலறைக்குள் போனால் கதவடியில் நின்று கத்தியது. பயம் வந்து, காட்டு விலங்கு மறுவாழ்வு நிலையம் ஒன்றுக்குப் போன் அடித்தேன்.

ஒரு நட்சத்திரம் போனது இங்கேதான். யாரும் எடுக்கவில்லை. குரல்பதிவு விட்டு நாலு மணி நேரம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். மே, ஜூனில் குஞ்சுகள் வந்து குவியும், சரி. 'இன்றைக்குள் கூப்பிடுவோம்' என்று பதிவிலாவது சொல்லியிருக்கலாம்.

கூப்பிட்ட பெண் திட்டவில்லை. கனடாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி வலசைப் பறவையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்தார். அப்புறம் கேள்விகள்: எத்தனை நாள்? யார் தீனி போட்டது? தாயோடு திரிந்த குஞ்சா? திரிந்தது என்றதும் அவர் குரல் கொஞ்சம் இளகியது. பொரித்த உடனே எதைக் கண்டதோ அதன் பின்னால் போகும் இனமாம். இது முதலில் கண்டது வாத்தைத்தான், மனிதரை அல்ல. பாணை உடனே நிறுத்தச் சொன்னார். சத்துச் சரியில்லாத தீனியால் இறக்கை வெளிப்பக்கம் முறுகிப் பறக்கவே முடியாமல் போகலாமாம். புல் போதும்.

நிலையத்தில் குஞ்சுக்கு முன்னால் யாரும் பேசுவதில்லை. தனியாக வந்ததால் கூண்டில் முதலில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்தார்கள். வேறு இரண்டு குஞ்சுகள் வந்ததும் அவற்றோடு விட்டார்கள். போய்ப் பார்க்க அனுமதி இல்லை. மகன் இரண்டு தரம் அழுதான், நானும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். குளக்கரையில் அதே அளவுக் குஞ்சுகளோடு ஒரு சோடி மேய்கிறது, விடப்போகிறோம், காருக்குள் இருந்து பார்ப்பதென்றால் வரலாம் என்றார்கள். கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும், பையன் கூப்பிடவே கூடாது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஊழியர் பெட்டியைப் புல்லில் சரித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். குஞ்சு அவர் பின்னாலேயே நாலு எட்டு ஓடியது. போச்சு என்று நினைத்தேன். அதற்குள் ஆண் வாத்து கழுத்தை நிலத்தோடு நீட்டிச் சீறிக்கொண்டு வந்து ஊழியரைத் துரத்தியது. அவர் ஓட, குஞ்சு நடுவில் தனியாக நின்று கத்தியது. பெண் வாத்து தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னது. குஞ்சு சட்டென்று கத்துவதை நிறுத்தியது. பிறகு கட்டைச் சிறகுகளை விரித்தபடி ஒரே ஓட்டமாக அந்தப் பக்கம் போனது. ஆறு குஞ்சுகள் ஏழாயின. யாரும் அதைக் கொத்தவில்லை.

மகன் கையை எடுத்து, "இனி நான் பேசலாமா?" என்றான்.

போகிறவர்களுக்கு: காற்று போகத் துளையிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே ஒரு துவாய், அவ்வளவு போதும். கண்டெடுத்த இடத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள். கட்டணம் இல்லை, உண்டியல் இருக்கிறது. துவாய் திரும்பி வராது, நல்லதைக் கொண்டுபோகாதீர்கள்.