நாட்டு மருந்து கடை மூட்டுவலி தைலம், ஒரு மாசம் போட்டுப் பாத்தோமுங்க

ஈரோட்டுல ஒரு நாட்டு மருந்து கடையில எங்க அம்மிச்சி முழங்கால் வலிக்குனு வாங்குன தைலமுங்க இது, முடக்கத்தான் எலையும் நொச்சி எலையும் நல்லெண்ணெய்ல போட்டு காய்ச்சி கடைசியா பூங்கற்பூரம் போடறாங்களாமா. மூடியத் தொறந்தாலே நொச்சி வாசம் கும்முனு அடிக்குது, அடியில பச்சைக் கசடு நிக்குது. ராத்திரி வெதுவெதுப்பா தேச்சுட்டு கல்லுப்ப வறுத்து துணியில கட்டி ஒத்தடம் குடுக்கறோம், காலைல படி எறங்கறப்ப புடிப்பு கொறஞ்சிருக்குது கண்ணுங்கறாங்க, ஆனா வீக்கம் அப்படியேதான் இருக்குதுங்க.

கூடவே மஞ்சளும் மிளகும் அரைச்ச பொடி ஒண்ணு குடுத்தாங்க, மஞ்சள் நம்மூருதுதான், 2019-ல புவிசார் குறியீடு வாங்குன ஈரோட்டு மஞ்சள். அதுல இருக்கற குர்குமின் தனியா சாப்பிட்டா உடம்புல அவ்வளவா சேராது, மிளகுல இருக்கற பைப்பரின்தான் சேர வெக்கும், அந்தக் கைப்பக்குவம் எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஆனா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இந்தப் பொடிய தொடக்கூடாதுங்க, கடையில அத ஒரு வார்த்தை சொல்லல, பாட்டில்ல தயாரிச்ச தேதியும் இல்ல, அதுதான் எனக்கு பெரிய வெசனம். மூட்டு செவந்து சூடா காய்ச்சலோட வீங்குச்சுன்னா தைலத்த வெச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போயிருங்க. தைலம் மட்டும் அடுத்த மாசமும் வாங்குவேன்.