கல்லூரி நூலகம் தரும் கற்பித்தல் துணைச் சேவை: ஓர் ஆசிரியரின் மதிப்புரை

நூல்களை இரவல் தருவதோடு நில்லாமல், ஆசிரியரின் பாடத்திற்குள் வந்து மாணவர்களுக்கு ஆய்வு செய்யக் கற்றுக்கொடுப்பதையும் கல்லூரி நூலகங்கள் இப்போது முறையான சேவையாக நடத்துகின்றன. துறைக்கொரு பொறுப்பு நூலகர், ஒப்படைப்பை வடிவமைப்பதில் ஆலோசனை, வகுப்பில் வந்து நடத்தும் தேடல் பயிற்சி, பாடத்திற்கென்றே தொகுத்த வழிகாட்டிப் பக்கம், மாணவர்களுடன் தனிச் சந்திப்பு, ஆதாரங்களைச் சேமித்து முறையாகக் காட்டக் கற்பிக்கும் மேற்கோள் மேலாண்மைப் பயிற்சி ஆகியவை அதில் அடங்கும். இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய பாடம் ஒன்றுக்காக இந்தச் சேவையை ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். இவற்றுள் மிகுந்த பயன் தந்தது, மாணவர் கண்ணிலேயே படாத முதற்பகுதியான ஒப்படைப்பு ஆலோசனைதான். பலரும் நூலகத்திடம் கேட்டுப் பெறும் ஒரே பகுதியான ஒரு மணிநேர வகுப்பு, தனித்து நின்றால் மிகக் குறைந்த பயனையே தருகிறது.

ஒப்படைப்பு ஆலோசனையை விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் நெடுநாளாக வழங்கிவந்த ஒப்படைப்பு, பெரும்பாலான கல்லூரிகளில் காணப்படுவதுதான்: ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதுக, குறைந்தது ஐந்து ஆதாரங்களைக் காட்டுக, பருவ இறுதியில் சமர்ப்பிக்க. பருவம் தொடங்குவதற்கு முன்பே நூலகர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். 'ஐந்து ஆதாரங்கள்' என்ற நிபந்தனையால் மாணவர் கற்றுக்கொள்வது என்ன என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. எண்ணிக்கை ஒன்றே நிபந்தனையாக இருக்கும்போது, மாணவர்கள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டு, ஏற்கெனவே எழுதிய வரிகளுக்குப் பொருந்தும் ஆதாரங்களைக் கடைசி இரவில் தேடுகிறார்கள் என்று அவர் விளக்கினார். விடைத்தாள் திருத்தும் எந்த ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார்.

அவர் பரிந்துரைத்தபடி ஒப்படைப்பு நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டது. தலைப்பைக் கேள்வியாக மாற்றி அரைப்பக்கம் எழுதித் தருவது முதற்படி. எந்தச் சொற்களைக் கொண்டு எங்கே தேடினோம், எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை, அதன்பின் சொற்களை எப்படி மாற்றினோம் என்பதைக் குறித்துவைக்கும் தேடல் பதிவேடு இரண்டாம் படி. ஒரே கேள்விக்கு வெவ்வேறு முடிவுகளைத் தரும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து, அவை ஏன் வேறுபடுகின்றன என்று விளக்குவது மூன்றாம் படி. அதன்பிறகே கட்டுரை. மதிப்பெண்ணில் ஒரு பகுதி தேடல் பதிவேட்டுக்கும் ஒதுக்கப்பட்டது. மூன்றாம் படியில்தான் மாணவர்களின் எழுத்து மாறத் தொடங்கியதைக் கண்டேன். அச்சில் வந்த இரண்டு கட்டுரைகள் ஒன்றோடொன்று முரண்படலாம், அந்த முரண்பாட்டுக்கு மாதிரி எடுத்த முறையோ அளந்த விதமோ காரணமாக இருக்கலாம் என்பதை அவர்கள் அங்கேதான் முதன்முறையாக நேரில் பார்த்தார்கள்.

நூலகரின் கேள்விகளுக்குப் பின்னால் அவருடைய தொழில் நெடுங்காலமாகச் சிந்தித்து வந்த வழி இருக்கிறது. நூலகப் பயிற்சியைத் தனி வகுப்பாக வைக்காமல் பாடத்தின் ஒப்படைப்புகளுக்குள்ளேயே பின்னும் முயற்சி, 1960களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மான்டீத் கல்லூரியில் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மற்றும் ஆய்வு நூலகங்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில் தகவல் திறனுக்கான தரவரையறைகளை வெளியிட்டது. தகவல் தேவையை உணர்தல், பெறுதல், மதிப்பிடுதல், பயன்படுத்துதல் என்று திறன்களை வரிசைப்படுத்திய ஆவணம் அது. 2016இல் அச்சங்கமே அதைக் கைவிட்டு, ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட புதிய சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. ஆய்வு என்பது கேள்வியிலிருந்து கேள்விக்குச் செல்லும் தேடல் என்பதும், புலமை என்பது அறிஞர்களுக்கிடையே தொடர்ந்து நடக்கும் உரையாடல் என்பதும் அந்த ஆறில் இரண்டு. முரண்படும் கட்டுரைகளைப் படிக்கச் சொன்ன மூன்றாம் படி, அந்த உரையாடலுக்குள் மாணவரை அழைத்துச் செல்வதற்கான நேரடி வழி. சட்டகத்தின் பெயரை நூலகர் என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை, ஒப்படைப்பைத் திருத்துவதில்தான் அதைக் காட்டினார். அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடுத்தது வகுப்பு. பருவத்தின் முதல் வாரத்தில் வழக்கமாக நடக்கும் அறிமுக வகுப்பைத் தவிர்த்து, மாணவர்கள் தங்கள் கேள்வியை எழுதிக் கொடுத்த மறுவாரம் வைக்கலாம் என்று நூலகர் கேட்டுக்கொண்டார். தேடுவதற்குத் தமக்கென ஒரு பொருள் கையில் இல்லாதவருக்குத் தேடும் முறையைச் சொல்வது, பசியில்லாதவருக்குப் பந்தி விரிப்பதைப் போன்றதே. வகுப்பு நடக்கும் வாரம் மாறியதால் அதன் தன்மையும் மாறியது. மாணவர்கள் குறிப்பெடுப்பதற்குப் பதிலாகத் தங்கள் சொற்களையே தட்டச்சு செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பில் கற்பிக்கப்பட்டவற்றுள் சிறந்தது, அன்றாடச் சொல்லுக்கும் துறைச்சொல்லுக்கும் உள்ள இடைவெளி பற்றிய பகுதி. 'ஹார்ட் அட்டாக்' என்று நாம் சொல்வதை மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்' என்ற பொருள்தலைப்பின்கீழ் வைத்திருக்கிறது. ஆசிரியர்கள் தங்கள் கட்டுரைகளில் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தாலும், பட்டியலிடும்போது அவை அந்த ஒரே தலைப்பின்கீழ்க் கொண்டுவரப்படுவதால், அதை அறிந்தவருக்குச் சிதறிக் கிடப்பவை ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஒத்த பொருளுடைய சொற்களை 'ஆர்' என்ற இணைப்பால் சேர்ப்பது, வெவ்வேறு கருத்துகளை 'அண்ட்' என்ற இணைப்பால் குறுக்குவது, சொற்றொடரை மேற்கோள்குறிக்குள் வைப்பது ஆகியவை சுருக்கமாகவே சொல்லப்பட்டன. அவற்றுக்கு அவ்வளவு போதும். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தபின், அது மேற்கோள் காட்டிய பழைய கட்டுரைகளுக்குப் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளுக்கு முன்னோக்கியும் செல்லும் முறைக்கு நூலகர் கூடுதல் நேரம் ஒதுக்கியது சரியான முடிவு.

இந்த வகுப்பில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் இருந்தது. இணையதளங்களை மதிப்பிடுவதற்கு நூலகம் இன்னமும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைத்தான் அச்சிட்டு வழங்குகிறது: தேதி உண்டா, ஆசிரியர் பெயர் உண்டா, எழுத்துப்பிழை உண்டா என்ற கேள்விகள் கொண்ட தாள் அது. 2017இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர் ஆகியோர் இணையத் தகவலை மதிப்பிடும் விதத்தை ஒப்பிட்டது. வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அதே பக்கத்திலேயே தங்கி, அதன் சின்னத்தையும் முகவரியையும் நம்பினார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை விட்டு விரைவாக வெளியேறி, அந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். பட்டியலோ மாணவரை அதே பக்கத்தில் கட்டிப்போடுகிறது. மோசடித் தளங்களும் இப்போது தேதி, ஆசிரியர் பெயர், பிழையற்ற நடை எல்லாவற்றோடும்தான் வருகின்றன. ஒப்படைப்பு வடிவமைப்பில் அவ்வளவு முன்னேறிச் சிந்திக்கும் நூலகம் இந்தத் தாளை மட்டும் மாற்றாமல் வைத்திருப்பது வருத்தம் தருகிறது.

முன்பதிவு செய்து நூலகரைத் தனியாகச் சந்திக்கும் அரைமணிநேரச் சேவையை எல்லா மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். நகரத்தின் நடுப்பகுதி ஏன் சுற்றுப்புறத்தைவிட வெப்பமாக இருக்கிறது என்று எழுத விரும்பிய மாணவர் ஒருவர், வெயில், நகரம், கட்டடம் என்ற சொற்களால் தேடிச் செய்திக் கட்டுரைகளை மட்டுமே கண்டு, இதைப் பற்றி ஆய்வே நடக்கவில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். நூலகர் உடனே விடை சொல்லாமல், அவர் அறிய விரும்புவது வெப்பத்தின் காரணத்தையா, அதனால் மக்களுக்கு ஏற்படும் பாதிப்பையா, தணிக்கும் வழியையா என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிப்பு என்று தெளிவான பிறகு, 'நகர வெப்பத் தீவு' என்ற துறைச்சொல்லைக் காட்டி, அதனோடு முதியோர் உடல்நலத்தை இணைத்துத் தேடச் செய்தார். மாணவர் கொண்டுவரும் முதல் கேள்வி பெரும்பாலும் அவருடைய உண்மையான கேள்வி அன்று என்பதை நூலகர்கள் தம் பயிற்சியிலேயே கற்கிறார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு அந்தப் பொறுமை எப்போதும் வாய்ப்பதில்லை.

மேற்கோள் மேலாண்மைப் பயிற்சியில் ஜோடெரோ என்ற இலவச மென்பொருளைக் கற்பித்தார்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு 2006இல் வெளிவந்த இதைக் கல்லூரியை விட்டுச் சென்ற பிறகும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால், சந்தா மென்பொருளைவிட மாணவர்களுக்கு இதுவே ஏற்றது. துணைநூல் பட்டியலைத் தானாக அமைப்பதைவிட முக்கியமான வசதி ஒன்றை நூலகர் காட்டினார்: நம் சேமிப்பில் உள்ள கட்டுரை நம்பத்தகாதது என்று பின்னாளில் இதழால் திரும்பப் பெறப்பட்டால், 2019 முதல் இம்மென்பொருள் அதை எச்சரித்துக் காட்டுகிறது. 1998இல் லான்செட் இதழில் வெளியாகி, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பிய கட்டுரை 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அது எத்தனை கைகளுக்குச் சென்றிருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே இந்த எச்சரிக்கையின் அருமை விளங்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், உண்மையில் எழுதப்படாத கட்டுரைகளுக்கும் நம்பத்தகுந்த தலைப்பு, ஆசிரியர் பெயர், இதழ் எண் ஆகியவற்றைப் புனைந்து தரக்கூடியவை என்பதும் இதே பயிற்சியில் வந்தது. கட்டுரைக்குரிய நிலையான இணைய அடையாளமான டிஓஐ எண்ணை அதற்கான தளத்தில் இட்டுப் பார்ப்பது, எண் இல்லையென்றால் அந்த இதழின் குறிப்பிட்ட இதழ் எண்ணுக்கே சென்று உள்ளடக்கத்தைச் சரிபார்ப்பது என்ற இரண்டு பழக்கங்களை மாணவர்கள் கற்றார்கள். எண் வேலை செய்தாலும் அது வேறொரு கட்டுரைக்குக் கொண்டுபோகலாம், ஆகவே தலைப்பையும் ஒப்பிட வேண்டும் என்று நூலகர் சேர்த்துச் சொன்னது மிகவும் தேவையான குறிப்பு. கருத்துத் திருட்டைப் பற்றிய எச்சரிக்கையாக மட்டும் இப்பயிற்சியை நடத்தாமல், ஆதாரத்தைப் படிப்பவர் திரும்பிச் சென்று சரிபார்க்க உதவுவதே மேற்கோளின் நோக்கம் என்று கற்பித்ததால், மாணவர்கள் அச்சத்தோடு அல்லாமல் அக்கறையோடு அதைக் கேட்டார்கள்.

வழிகாட்டிப் பக்கம் நடுத்தரமானது. பாடத்திற்கு வேண்டிய தரவுத்தளங்கள், கலைக்களஞ்சியங்கள், கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்கள் ஆகியவை ஒரே இடத்தில் இருப்பது வசதிதான். ஆனால் சில இணைப்புகள் பருவத்தின் நடுவே செயலிழந்தன, கல்லூரிக்கு வெளியிலிருந்து நுழையும்போது கடவுச்சொல் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது. கைப்பேசியில் படிக்கும் மாணவர்களில் சிலர் இதனாலேயே அப்பக்கத்தைக் கைவிட்டார்கள். ஆய்விதழ்க் கட்டுரையை நான் நகலெடுத்து மாணவர்களுக்கு அனுப்புவதைவிட நூலகத்தின் நிலையான இணைப்பைத் தருவது உரிம ஒப்பந்தத்துக்கும் உகந்தது, பயன்பாட்டுக் கணக்கிலும் பதிவாகும், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டுக்கான சந்தாக்கள் முடிவாகின்றன என்று விளக்கப்பட்டது. இதைத் துறைக் கூட்டங்களிலேயே நூலகம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

பெரிய குறை, சேவையின் அளவில் இருக்கிறது. ஒரே நூலகர் பல துறைகளைக் கவனிப்பதால், கேட்கும் ஆசிரியருக்குக் கிடைப்பது கேட்காத ஆசிரியரின் மாணவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே பாடத்தின் ஒரு பிரிவில் தேடல் பதிவேடு எழுதப்படுகிறது, அடுத்த பிரிவில் பழைய ஒப்படைப்பே தொடர்கிறது. நூலகமும் தன் ஆண்டறிக்கையில் நடத்திய வகுப்புகளையும் வந்த மாணவர்களையும் எண்ணிச் சொல்கிறதே தவிர, மாணவர்களின் கட்டுரைகளில் ஆதாரங்களின் தரம் மாறியதா என்று பார்க்கவில்லை. தேடல் பதிவேடுகள் அதற்கு ஆயத்தமான சான்றுகள். பெயரை நீக்கி அவற்றைப் படித்துப் பார்த்தால், எந்த இடத்தில் மாணவர்கள் தடுக்கி நிற்கிறார்கள் என்பது நூலகத்துக்கும் துறைக்கும் ஒருங்கே தெரியவரும்.

இந்தச் சேவையைப் பெற விரும்பும் ஆசிரியர்கள், பாடத்திட்டம் இறுதியாவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஒப்படைப்புத் தாளுடன் பொறுப்பு நூலகரை அணுகுவது நல்லது. வகுப்பு ஒன்று மட்டும் போதும் என்றால், அதை மாணவர்கள் தலைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு வருமாறு வைத்து, ஆசிரியரும் அந்த வகுப்பில் இறுதிவரை உடனிருக்க வேண்டும். நூலகர் சொல்லும் தேடல் முறை தம் துறையில் எங்கே பொருந்தாது என்பதை அங்கேயே சொல்லக்கூடியவர் ஆசிரியர்தான். ஒப்படைப்பு ஆலோசனையை எல்லாப் பிரிவுகளின் ஆசிரியர்களுக்கும் ஒரே அமர்வில் பொதுவாக நடத்தும்படி நூலகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஆள் குறைவாக உள்ள நிலையில் நூலகர் பத்துப் பிரிவுகளுக்குச் சென்று வகுப்பெடுப்பதைவிட, பத்து ஒப்படைப்புகளைத் திருத்தத் துணைநிற்பதே கூடுதலான மாணவர்களைச் சென்றடையும்.