தூண்டில் கருவிக் கண்காட்சி: வணிகர்களுக்கா, பொதுமக்களுக்கா?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் ஐகாஸ்ட், வணிகர்களுக்கென்றே உருவான கண்காட்சி. கடைக்காரர்கள் புதிய தூண்டில் கோல்களையும் ரீல்களையும் செயற்கை இரைகளையும் கையிலெடுத்துப் பார்த்து, கொள்முதலை முடிவு செய்யும் இடம் அது. 1971இல் தொடங்கிய பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்ற மீன்பிடிப் போட்டியையொட்டி நடக்கும் கண்காட்சியிலோ, பொதுமக்கள் கட்டணமின்றி நுழைந்து, பிடித்ததை அங்கேயே வாங்கிச் செல்லலாம்.

முன்பெல்லாம் வணிகக் கூடத்தில் அறிமுகமான பொருளைப் பற்றிய செய்தி இதழ்கள் வழியாக மெதுவாகவே மீன்பிடிப்பவரை எட்டியது. இன்று அரங்கிலிருந்து யூடியூபில் ஏறும் காணொளி அன்றே எட்டிவிடுவதால், ஐகாஸ்டின் பழைய முதன்மை கரைந்துவருகிறது. 2020இல் பெருந்தொற்றால் அது இணையவழியில் நடந்தது. ஆனால் கோலின் வளைவைத் திரையில் உணர முடியாதே!

உற்பத்தியாளரிடம் நேரில் விலை பேச வேண்டிய சிறு கடைக்காரருக்கு ஐகாஸ்டே இன்னும் ஏற்றது. புதிதாகத் தொடங்கிய நிறுவனமோ, அரங்குச் செலவை விற்பனையிலேயே ஓரளவு மீட்டுக்கொள்ளக்கூடிய பொதுக் கண்காட்சிக்குப் போவதே நல்லது என்பேன்.