பழைய நின்டெண்டோ: சாம்பல் பெட்டியா, சின்ன மாடலா?

நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் மெஷினான என்.இ.எஸ். (நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம்) வாங்க நினைப்பவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது: 1985-ல் அமெரிக்காவில் வந்த சாம்பல் பெட்டியா, 1993-ல் வந்த சின்ன மாடலா?

கேசட் போடுவது:
பெட்டி – முன்பக்கம் நுழைத்து, கீழே அழுத்த வேண்டும். வி.சி.ஆர். (வீடியோ டெக்) மாதிரி தெரியட்டும் என்றே அப்படி வடிவமைத்தார்கள். போகப் போக, கேசட்டை மெஷினோடு இணைக்கும் 72 பின் கனெக்டர் தளர்ந்துவிடும்.
சின்னது – மேலிருந்து நேராகச் சொருகினால் போதும்.

சிவப்பு விளக்குச் சிமிட்டல்:
பெட்டி – பிரபலமான வியாதி. தொடர்பு சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் பூட்டுச் சிப் (அசல் கேசட்டா என்று சோதிப்பது) நொடிக்கொரு தடவை மெஷினை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேசட்டை ஊதியது இதற்குத்தான். வாய் ஈரம் பட்டுப் பின்கள் கெட்டதுதான் மிச்சம்!
சின்னது – அந்தச் சிப்பே கிடையாது.

படம்:
பெட்டி – கம்போசிட் வெளியீடு (டிவியின் மஞ்சள் வயர் இணைப்பு) உண்டு; படம் தெளிவு.
சின்னது – பெரும்பாலும் ஆர்.எஃப். (டிவியின் ஆன்டெனா வழி இணைப்பு) மட்டும்தான், மெல்லிய செங்குத்துக் கோடுகள் வேறு தெரியும்.

தொந்தரவில்லாமல் ஆட வேண்டுமா, சின்னது. படம் தெளிவாக வேண்டும், அழுத்தும்போது வரும் அந்த 'க்ளிக்'கும் வேண்டும் என்றால் பெட்டிதான். கனெக்டரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.